அழிக்க இருந்த ஏழாவது டேபிள்

இது நடந்து இரண்டு வருடம் இருக்கும். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில், பார்வையற்றவர்களுக்கு ஒலிப்புத்தகங்கள் இரவல் தரும் சின்ன நூலகம் ஒன்று. எனக்கு வேலை போர்ட் கிள்ளானில், ஒரு கன்டெய்னர் யார்டு ஆபீஸில். எக்செலில் வேலையைத் தானாகச் செய்துமுடிக்கும் மேக்ரோ எழுதுவேன் என்று யாரோ சொல்லிவைக்க, சனிக்கிழமைகளில் கொமுட்டர் ரயில் ஏறி அந்த நூலகத்துக்கு உதவப் போய்க்கொண்டிருந்தேன்.

நூலகத்தைப் பார்த்துக்கொண்டவள் என்னைவிடப் பத்து வயது சின்னவள். பிறவியிலேயே பார்வை கிடையாது. திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துக் காட்டும் மென்பொருளோடு, என்னைவிட வேகமாக டைப் செய்வாள். உறுப்பினர் விவரமெல்லாம் பழைய டேட்டாபேஸ் ஃபைல் ஒன்றில் இருந்தது. அதைத் திறக்கும் புரோகிராம் பழுதாகிவிட்டது. செய்து கொடுத்தவரும் வெளிநாடு போய்விட்டார். உள்ளே இருப்பதை நான் புதிய முறைக்கு மாற்றித் தர வேண்டும்.

ஃபைலைப் பிரதி எடுத்துக்கொண்டு, எக்செலில் ஒரு மேக்ரோ எழுதினேன். ஃபைலுக்குள் என்னென்ன டேபிள், அதாவது அட்டவணை, ஒவ்வொன்றிலும் என்ன பத்திகள், எத்தனை வரிகள் என்று பார்த்து ஷீட்டில் எழுதும். முதல் தடவை ஓட்டியபோது, டேட்டாபேஸ் தனக்காக வைத்துக்கொள்ளும் டேபிள்களும் சேர்ந்து வந்து குவிந்தன. அவற்றை விலக்கி மறுபடி ஓட்டினேன். ஏழு மிஞ்சின.

ஆறு பார்த்ததும் புரிந்தன. உறுப்பினர் டேபிளில் ஒரு அங்கிளின் முகவரி 'பழைய ஃபிளாட்' என்பதோடு நின்றிருந்தது. போனும் போகவில்லை. தொடர்பில் இல்லாதவர்களை நீக்கிவிடச் சொல்லி நிர்வாகக் குழு உத்தரவு.

"அவர மட்டும் எடுத்துடாதீங்கக்கா. மாசம் நாலு புத்தகம் கேக்கறவரு, ஒரு வருசமா சத்தமே இல்ல" என்றாள்.

ஏழாவது டேபிளின் பெயர் வெறும் T7. இரண்டே பத்திகள். ஒன்று உறுப்பினர் எண். இன்னொன்றில் 140ki62n34ka9 என்பது போல எண்ணும் எழுத்தும் ஒட்டிக் கிடந்தன. ஒரு வாரம் அது என்னை விடவில்லை. பாஸ்வேர்டா? அலமாரி எண்ணா? இன்னொரு மேக்ரோ எழுதிப் புத்தக எண்களோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒன்றும் பொருந்தவில்லை. கெட்டுப்போன டேட்டா என்று முடிவு கட்டினேன்.

அவளிடம் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. பார்க்க முடியாதவளுக்கு இதில் என்ன தெரியப்போகிறது என்று உள்ளூர நினைத்திருக்கிறேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

அடுத்த சனிக்கிழமை, "ஒரு டேபிள் குப்பையா இருக்கு, அழிச்சிடறேன்மா" என்று போகிற போக்கில் சொன்னேன்.

"குப்பையா? என்ன இருக்கு, வாசிங்க."

வாசித்தேன். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

"அக்கா, அது என் காலடி லா!"

முன்பெல்லாம் பக்கத்து உறுப்பினர்களுக்கு அவளே கைத்தடியோடு நடந்துபோய் சிடி கொடுப்பாளாம். போகும் வழியைக் காலடிக் கணக்கில் குறித்துவைத்தது அது. நூலகத்தின் கேட்டிலிருந்து நூற்று நாற்பது அடி. அப்புறம் ki என்றால் கிரி, இடது. அறுபத்திரண்டு அடி. n என்றால் நாயிக், மேலே முப்பத்து நான்கு படி. ka என்றால் கானான், வலது பக்கம் ஒன்பது அடி. மலாய் மொழியில் சுருக்கி டைப் செய்து வைத்திருக்கிறாள். புரோகிராமோடு அதுவும் போய்விட்டது என்றே நினைத்திருந்தாள்.

"இப்ப வாசிச்சது யாரோடது?"

எண்ணைத் தேடிப் பார்த்தேன். அந்த அங்கிளுடையது.

"வாங்க, போவோம்."

அவள் எண்ணிக்கொண்டே முன்னால் நடந்தாள். பாதி வழியில் கட்டட வேலைக்காக நடைபாதையை அடைத்திருந்தார்கள். சுற்றிப் போனதில் கணக்கு தப்பிவிட்டது. நின்றாள்.

"இங்க சாவி செய்யற கடை இருக்கா?"

"ரெண்டு கடை தள்ளி இருக்கு."

"அதோட வாசல்ல கொண்டுபோய் விடுங்க. அங்கருந்து இன்னும் முப்பது."

சரியாக முப்பதில் இடது பக்கம் ஒரு சந்து. சந்தின் முடிவில் மாடிப்படி. எனக்குத்தான் மூச்சு வாங்கியது. மேலே போய் வலது பக்கம் ஒன்பது அடி வைத்து, கை நீட்டி இரும்புக் கதவைத் தட்டினாள்.

உள்ளேயிருந்து சுவரைத் தடவிக்கொண்டே ஒருவர் வந்தார். நூலகம் என்றதும் அவசரமாகக் கதவைத் திறந்தார்.

"நீங்க மூடிட்டீங்கன்னுல்ல நெனச்சேன்!"

மகன் போனையும் நம்பரையும் மாற்றியதில், அதிலிருந்த எல்லா நம்பரும் போய்விட்டதாம். புத்தகம் கேட்கும் மெஷினும் கெட்டுவிட்டது.

"பாதிக் கதையில நிக்குதும்மா. அந்தப் பொண்ணு கப்பல் ஏறுனாளா, இல்லையா?"

அவளுக்குக் கதை நினைவிருந்தது. முகத்திலேயே தெரிந்தது.

"சொல்ல மாட்டேன் அங்கிள். திங்கக்கெழம மெஷினோட வரேன், நீங்களே கேட்டுத் தெரிஞ்சுக்குங்க."

அவர் சிரித்த சிரிப்பு பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும்.

இப்போதும் வேலையில் தலைகால் புரியாத பத்தி ஏதாவது எதிர்ப்பட்டால், அழிக்கும் முன் எழுந்துபோய் அங்கே இருப்பவர்களிடம் கேட்கிறேன். எனக்குப் புரியவில்லை என்பது என்னைப் பற்றிய செய்திதானே தவிர, அந்த டேபிளைப் பற்றியது அல்ல.