ஆய்வாளர் எழுதிக் கொடுத்த தாள்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ் ஏறி, ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணி ஃபேக்டரிக்கு வேலைக்குப் போனேன். வேதியியல் படித்துவிட்டு டைப் அடிக்கிறோமே என்று எனக்கு எப்போதும் எரிச்சல். அப்போதுதான் ஒரு வெளிநாட்டுக் கம்பெனி எங்களோடு கூட்டுச் சேரப்போவதாகப் பேச்சு வந்தது. பணம் போட்டு, சோதனைக்கூடம் கட்டி, உள்ளூர் ஆள் ஒருவருக்குத் தொழிலையும் கற்றுத் தருவார்களாம். அந்த ஆள் நானாக இருக்கவேண்டும் என்று மடவார் வளாகத்துச் சாமியிடம் சொல்லிவைத்தேன்.

பார்வையிட அந்தக் கம்பெனியிலிருந்து ஒரு பெண் இன்ஜினியர் வந்தார். முதலாளி பேசுவதை ஆங்கிலத்தில் சொல்வது என் வேலை. இங்கே அரசாங்க ஆய்வெல்லாம் எப்படி என்று அவர் கேட்டார்.

முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஒரு ஆபீசர் தொல்லையும் கெடையாதுன்னு சொல்லும்மா. அம்புட்டுப் பேரும் நமக்கு வேண்டியவிய."

அப்படியே சொன்னேன். இன்ஜினியர் நோட்டை மூடிவிட்டார். புண்ணில் கட்டுகிற துணியை யாரும் வந்து பார்க்காத இடத்தில் பணம் போடும்படி கம்பெனியிடம் சொல்ல முடியாது என்றார்.

 முதலாளி சொன்னது வெறும் வீம்பு. இரண்டு மாதம் முன்புதான் மருந்து ஆய்வாளர் வந்து, தண்ணீர்த் தொட்டிக்கு மூடியில்லை என்று எழுதிக் கொடுத்தார். வைத்த காபியைத் தொடவில்லை. சொன்ன தேதியில் திரும்பி வந்து, மூடி போட்டதைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். வெளிநாட்டுக்காரர் கண்ணில் பட்டால் மானம் போய்விடும் என்று முதலாளி அந்த இரண்டு தாளையும் பீரோவில் வைத்துப் பூட்டச் சொல்லியிருந்தார்.

சாவி என்னிடம் இருந்தது. எடுத்துவந்து மேசையில் வைத்தேன்.

"ஏம்மா, குடியக் கெடுத்துட்டியே!" என்றார் முதலாளி.

அந்த அம்மா தேதிகளை ஒப்பிட்டுப் பார்த்தார். "சொன்ன நாளில் திரும்பி வந்தாரா?"

"வந்தார்."

நோட்டை மறுபடி திறந்து, தொட்டியைக் காட்டச் சொன்னார்.

அடுத்த வருடம் சோதனைக்கூடம் வந்தது. அந்த இன்ஜினியரே மூன்று மாதம் தங்கி எனக்குக் கற்றுக்கொடுத்தார். அவ்வளவு சந்தோஷமாக நான் எந்தப் பள்ளியிலும் படித்ததில்லை. முதலாளிதான் என்னிடம் முகம்கொடுத்துப் பேசவில்லை.

இன்ஜினியர் ஊர் திரும்பிய மறுவாரமே ஒரு லாட் துணி சோதனையில் தேறவில்லை. லாரியில் பாதி ஏற்றியாகிவிட்டது. அனுப்பக்கூடாது என்று நான் எழுதிவிட்டேன். முதலாளி வந்து நின்றார்.

"எழுதிட்டியா?"

"எழுதிட்டேன், முதலாளி."

தாளை வாங்கி இரண்டு தடவை படித்தார். கிழித்துவிடுவார் என்றே நினைத்தேன். அவர் வாசலுக்குப் போய்ச் சத்தம் போட்டார்.

"ஏலே, லோட எறக்குங்கலே!"