கடல் சாமந்தியும் என் சம்பந்தியும்

நாமக்கல்லில் எங்கள் லாரி ஆபீஸுக்குச் சூரமங்கலத்திலிருந்து போன் வந்தபோது, சரக்கு விஷயம் என்று நினைத்து அதட்டலாகத்தான் எடுத்தேன். என் மருமகளின் அப்பா குமாரசாமி காலமாகிவிட்டார் என்றார்கள். அதட்டிய வாயோடு அந்தச் செய்தியைக் கேட்டது இன்னும் கூச்சமாக இருக்கிறது.

மல்லசமுத்திரத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்து ரயில்வேயில் கார்டாக இருந்தவர். கள்ளிக்கோட்டைப் பக்கம் போகும்போதெல்லாம் கேன்களில் கடல் தண்ணீர் கொண்டுவந்து, சூரமங்கலம் ரயில்வே குவார்ட்டர்ஸ் கூடத்துக் கண்ணாடித் தொட்டியில் கடல் மீன்கள் வளர்த்தார். குடிக்கிற தண்ணீருக்கே குடத்தோடு நிற்கிற ஊரில் இந்த மனுஷன் கடலை வைத்துக்கொண்டிருக்கிறாரே என்று உறவினர்கள் கேலி பேசுவார்கள். அந்தத் தொட்டியில் ஒரு கடல் சாமந்தி இருந்தது. பேர்தான் பூ, மீனைப் பிடித்துத் தின்னும் உயிர் அது. அடியிலுள்ள ஒற்றைக் காலால் கண்ணாடியைக் கவ்விக்கொண்டிருக்கும்.

எழுபதுகளில் அவர் மகளைப் பெண் பார்க்கப் போனோம். மங்கல காரியத்துக்கு வருகிறவர்கள் கண்முன்னே அது ஒரு மீனை விழுங்கினால் சகுனம் கெட்டுவிடும் என்று அவர்கள் வீட்டில் பயம். அதைப் பின்கட்டுக்கு மாற்றிவிட நினைத்தார். கண்ணாடிக்கு வெளிப்புறம் பனிக்கட்டியை வைத்தால் குளிர் பொறுக்காமல் அதுவாகவே காலை எடுக்கும்; அதுவரை காத்திருக்க வேண்டும். இது அவருக்குத் தெரியும். பனிக்கட்டியும் வைத்திருந்தார். நாங்களோ ராகு காலத்துக்குள் மாட்டிக்கொள்ளக் கூடாதென்று, சொன்ன நேரத்துக்கு முன்பே போய் இறங்கிவிட்டோம். கார் சத்தம் கேட்டதும் தோசைத் திருப்பியை அடியில் விட்டு நெம்பி இழுத்துவிட்டார். கால் கிழிந்து, பாதி தொட்டியிலேயே தங்கிவிட்டது.

நாங்கள் பலகாரம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் பால்போல வெளுத்தது. நாற்றம் கிளம்பியது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்தன. அவர் எழுந்து கைகூப்பினார்.

"மன்னிச்சுக்கோணுமுங்க. அவசரத்துல ஒரு உசுரைக் கிழிச்சுப் போட்டனுங்க. மத்ததையாச்சும் காப்பாத்தோணும்."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மீன்களை வாளிக்கு மாற்றத் தொடங்கிவிட்டார். எங்கள் பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். என் மகன் மட்டும் எழுந்துபோய் வாளியைப் பிடித்துக்கொண்டான். சம்பந்தம் அங்கேயே முடிவாகிவிட்டது.

கல்யாணத்துக்குப் பிறகும் அந்தப் பேச்சு வந்தால் அவர் தலை தாழ்ந்துவிடும். ஒருநாள், நாங்கள் எதையும் மனதில் வைத்துக்கொள்ளவில்லை, விட்டுவிடுங்கள் என்றேன்.

"வெக்கம் உங்க முன்னால இல்லீங்க சம்பந்தி. கிழியும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் இழுத்தேன்" என்றார்.

அவரை அவசரப்படுத்திய கார் சத்தம் எங்களுடையதல்லவா.

சில ஆண்டுகள் கழித்து இன்னொரு சாமந்தி வைத்திருந்தார். அது இடம் மாறி மாறிப் போய் மற்ற உயிர்களைக் கொட்டியதால், நண்பர் ஒருவரின் தொட்டிக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று. எங்கள் புதுமனை புகுவிழாவும் அதே நாளில் வந்தது. சீர்த்தட்டோடு முன்னால் நிற்க வேண்டிய சம்பந்தியைக் காணோம். பந்தி முடியும் நேரத்தில் வந்தார். விரல்களெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருந்தன. காலையிலிருந்து பனிக்கட்டி வைத்து, சிறு குழாயால் அதன் காலடியில் மெல்லத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தாராம். அது தானாக விட்ட பிறகு, தண்ணீருக்குள்ளேயே பையில் ஏந்தி, காற்றுப் படாமல் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு வந்திருக்கிறார். உறவுக்கூட்டத்துக்கு நடுவே வாய்க்கு வந்தபடி கேட்டுவிட்டேன். முழுவதையும் வாங்கிக்கொண்டு சொன்னார்:

"வெக்கந்தானுங்க. ஆனா இந்த வெக்கத்தோட தூங்கிருவனுங்க."

சென்ற வாரம் அவரை வாசலில் கிடத்தியிருந்தார்கள். பொழுது சாய்வதற்குள் எடுத்தாக வேண்டும். என் மருமகள் அப்பாவின் பாதங்களைக் கட்டிப்பிடித்தபடி விடவேயில்லை. "புள்ளையப் புடிச்சு இழுங்கப்பா, நேரமாகுது" என்றார் எங்கள் பெரியவர் ஒருவர். இரண்டு பெண்கள் அவள் தோளைப் பற்றினார்கள்.

"ஆரும் தொடாதீங்க. அதுவா விடட்டும்" என்றேன்.

நான் லாரிக்காரன். எதையும் கயிறு போட்டு இழுத்தே பழகியவன். கூட்டம் முணுமுணுத்தது, வெயில் இறங்கியது, நின்றோம். அவளாகவே கையை எடுத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அதற்குப் பிறகுதான், சம்பந்தி, உங்களைத் தூக்கினோம். உங்களுக்காக இதைச் செய்ய உங்கள் சாவு வரைக்கும் ஆகிவிட்டதே என்று வெட்கமாக இருக்கிறது. போய் வாருங்கள், சம்பந்தி.