தூக்கணாங்குருவிக் கூடுகள்

நான் படிப்பிக்கும் கல்லூரியின் பின்வளவில், வாவிப் பக்கம் சாய்ந்த பனையில் ஏழெட்டுத் தூக்கணாங்குருவிக் கூடுகள் தொங்குவதை நான்தான் முதலில் கண்டேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இயற்கைக் கழகத்து மாணவர்களிடம் போய்ச் சொல்லித் தொலைத்தேன்.

அடுத்த நாள் அவர்களுடைய கண்காட்சி. மண்டப வாசலில் அத்தனை கூடுகளும் ரிப்பன் கட்டித் தொங்கின.

"வடிவா இருக்கா, மிஸ்? சித்தாண்டியிலிருந்து மரமேறுற ஆளக் கூட்டி வந்தம்," என்றான் கழகத் தலைவன், பல்லைக் காட்டிக்கொண்டு.

ஒரு கூட்டுக்குள் விரலை விட்டேன். குளிர்ந்துபோன முட்டைகள்.

"இதுக்குள்ள முட்டை இருக்கே, தெரியாதா?"

"தெரியும் மிஸ். கவனமாத்தான் இறக்கினம். ஒண்டும் உடையல்ல."

அறையத்தான் கை எழுந்தது. அப்போதுதான் கூட்டின் கீழிருந்த அட்டையைப் பார்த்தேன். 'கண்டுபிடித்தவர்' என்று போட்டு, கொட்டை எழுத்தில் என் பெயர்.