முடிந்த பணிகளில் ஏழாவது

ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவில் எங்கள் ஊர். அங்கே நகராட்சி அலுவலகத்தில் ஒப்பந்த வேலையில் கணினி தட்டுகிறவள் நான். ஆண்டுக்கொரு முறை தலைவரம்மா மன்றக் கூட்டத்தில் எழுந்து, வரும் ஆண்டில் எந்தெந்தப் பணிகளுக்கு முன்னுரிமை என்று வாசிப்பார். அந்த உரையைத் தயாரிப்பது என் பொறுப்பு. தயாரிப்பு என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. போன வருடக் கோப்பைத் திறப்பேன். 'செய்யவிருக்கும் பணிகள்' என்று இருப்பதை மொத்தமாக வெட்டி, 'முடிந்த பணிகள்' என்ற தலைப்பின் கீழ் ஒட்டுவேன். எனக்கு முன்பு அந்த நாற்காலியில் இருந்தவரும் அப்படித்தான் செய்தார். யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அப்படி ஒரு வருடம் இடம் மாறியவற்றில் ஏழாவது வரி, எங்கள் தெருமுனை மழைநீர் வடிகால் குழிக்கு மூடி போடுவது. ஆள் இறங்கினால் தலை மறையும் ஆழம். தண்ணீர் தேங்கிவிட்டால் தெரு எது, குழி எது என்று தெரியாது. அம்பத்தூரில் வேலை முடித்துவிட்டு என் மகள் பஸ்ஸிலிருந்து இறங்கி அந்த வழியாகத்தான் வீட்டுக்கு வருவாள். எல்லாம் தெரிந்தேதான் ஒட்டினேன்.

எதிர்வீட்டுக்காரர் அண்ணனூர் ரயில்வே கார் ஷெட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த பிறகு தனியாக இருந்தார். மழை பிடித்துக்கொண்டால் முதல் வேலையாக ஒரு நீளமான சவுக்குக் கம்பின் நுனியில் சிவப்புத் துணி கட்டி அந்தக் குழியில் நட்டுவிடுவார். மஞ்சள் புள்ளி போட்ட துணி, மனைவியின் பழைய புடவையில் கிழித்தது. மழை விட்டதும் கம்பை எடுத்துத் தன் வீட்டுச் சுவரோரம் சாத்திவைப்பார்.

தலைவரம்மா உரை வாசித்த மறுநாள் அவர் என்னை வாசலில் மடக்கினார்.

"இன்னாம்மா, மூடி போட்டாச்சுன்னு படிச்சாங்களாமே? எங்க கீது?"

"பேப்பர்ல கீதுண்ணே" என்று சிரித்தேன். எனக்கு அவ்வளவு வாய்.

அவர் சிரிக்கவில்லை. "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதும்மா. உன் பொண்ணு வர்ற வழி அது."

அந்தக் கோடையில் நெஞ்சுவலி வந்து அவர் இறந்துபோனார். அந்தப் புடவையில் மிச்சமிருந்ததை மகன் மடித்துச் சவப்பெட்டிக்குள் அவர் காலடியில் வைத்ததை என் கண்ணால் பார்த்தேன். கல்லறையில் அடக்கம் முடிந்ததும் மகன் வீட்டையும் கேட்டையும் பூட்டிக்கொண்டு கோயம்புத்தூர் போய்விட்டார். கம்பு உள்ளே சுவரோரம் கிடந்தது.

ஐப்பசியில் முதல் மழை. காலையில் பால் வாங்க இறங்கியவள் அப்படியே நின்றுவிட்டேன். குழியில் கம்பு நின்றது. நுனியில் சிவப்புத் துணி, மஞ்சள் புள்ளி. தெருவில் வீடு வீடாகப் போய்க் கேட்டேன். "நீங்கதான் நட்டீங்கன்னு நெனச்சோம்" என்றார்கள் எல்லாரும். மழை விட்ட மறுநாள் கம்பு பூட்டிய கேட்டுக்குள் பழைய இடத்தில் சாய்ந்திருந்தது. அடிப்பக்கம் சேறு காயவில்லை.

அடுத்த மழையன்று மகள் முழங்கால்வரை நனைந்து வந்தாள். "அந்தத் துணி மட்டும் இல்லன்னா நேரா குழில கால வெச்சிருப்பேம்மா. காத்தே இல்ல, அது மட்டும் ஆடிக்கினே கீது" என்றாள். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. செத்த மனிதர் எத்தனை மழைக்கு வந்து என் பெண்ணைக் காப்பாற்றுவார்? காப்பாற்ற வேண்டிய நான் அல்லவா ஒட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்?

அடுத்த உரைக்கான நேரம் வந்தது. ஏழாவது வரியை மட்டும் எடுத்து மறுபடி செய்யவிருக்கும் பணிகளில் போட்டேன். மன்றக் கூட்டத்தில் வாசித்துக்கொண்டே வந்த தலைவரம்மா அந்த வரியில் நிறுத்தினார்.

"இது போன வருஷமே முடிஞ்ச வேலையாச்சே?"

நகராட்சிப் பொறியாளர் மின்விசிறியைப் பார்த்தார். என் ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிகிறது. எழுந்தேன்.

"முடியலீங்கம்மா. மூடியே போடல. முடிஞ்சதுன்னு நான்தான் மாத்தி வச்சேன்."

தலைவரம்மா கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். கோபப்படவில்லை. "வேற எதையெல்லாம் நீ இப்படி மாத்தி வச்சிருக்கம்மா?" என்று மெதுவாகக் கேட்டார்.

கேட்டது அவர்தான். ஆனால் வாசலில் நின்று எதிர்வீட்டுக்காரர் கேட்டதுபோலவே இருந்தது எனக்கு. உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல சமயம் வராது. ஆனால் வேலை போய்விடுமே என்ற பயம் நாக்கைப் பிடித்துக்கொண்டது.

"இது ஒண்ணுதாங்கம்மா" என்றேன்.

அந்த வாரமே எங்கள் குழிக்கு சிமெண்ட் மூடி வந்தது. ஒப்பந்தத்தையும் நீட்டித்தார்கள். மகள் அதன்மேல் ஏறி நின்று போட்டோ எடுத்துக்கொண்டாள். எனக்கும் நெஞ்சில் ஒரு பாரம் இறங்கியது.

சித்திரையில் ஒரு கோடை மழை அடித்தது. காலையில் போய்ப் பார்த்தேன். எங்கள் மூடிமேல் மழைநீர் வழுக்கிக்கொண்டு ஓடியது. திரும்பும்போதுதான் கவனித்தேன், பூட்டிய கேட்டுக்குள் சுவரோரம் வெறுமையாக இருந்தது. குடையைப் பிடித்துக்கொண்டு அடுத்த தெருவரை நடந்தேன். அங்கே முனையில், மூடியில்லாத குழியில் கம்பு நின்றது. மஞ்சள் புள்ளி போட்ட சிவப்புத் துணி, காற்றில்லாமல் ஆடிக்கொண்டிருந்தது.

என் பட்டியலில் அந்தக் குழி எட்டாவது வரி. அதற்குக் கீழே இன்னும் இரண்டு பக்கம் இருக்கிறது.