என் நாத்தனாரும் காலர்க்கார அக்காவின் கையும்

என் நாத்தனார் ஒரு தையல்கடைக்குள் போனால் முதலில் மெஷினுக்குத்தான் வணக்கம் சொல்வாள். வாயால் அல்ல, கையால். மெஷினின் கழுத்தை ஒரு தடவு தடவிவிட்டு, சக்கரத்தை மெதுவாகச் சுற்றி, காதை அதன் பக்கம் சாய்ப்பாள். அந்த மெஷினுக்கு முன்னால் ஒரு மனுஷர் உட்கார்ந்திருப்பது அவள் கண்ணில் படவே படாது. பட்டால்தான் வம்பு. உடனே காது சிவந்துவிடும், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

வீட்டில் நாங்கள் அவளைச் சின்னவள் என்போம். வெளியில் தெரியாதவர்கள் வைத்த பேர் உம்மணாமூஞ்சி. எதைக் கேட்டாலும் "உம்" என்பதுதான் பதில். பசிக்குதா? உம். தூக்கம் வருதா? உம். அதிலேயே சந்தோஷத்துக்கு ஒரு உம், கோபத்துக்கு ஒரு உம், அழுகைக்கு ஒரு உம் உண்டு. கூடவே இருந்து பழகினவர்களுக்குத்தான் வித்தியாசம் தெரியும். நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து பழகுகிறேன். இன்னமும் சில சமயம் கோபத்து உம்மைத் தூக்கத்து உம் என்று நினைத்துப் போர்வையை எடுத்துக் கொடுத்துவிடுவேன்.

தையல் மெஷின் விற்கிற ஒரு கடையின் பின்னறையில்தான் அவள் தொழில் பழகினாள். முன்னால் ஒருவர் வாடிக்கையாளர்களிடம் பேசுவார். பழுதான மெஷின் மட்டும் பின்னால் வரும். இவள் பிரித்து, துடைத்து, எண்ணெய் விட்டு, சரிசெய்து அனுப்புவாள். யார் கொண்டுவந்தார்கள், யார் எடுத்துப் போனார்கள் என்பதே தெரியாது. அவளுக்கு அது சொர்க்கமாக இருந்தது. அந்த முதலாளிக்கு வயதாகி, கடையை மூடிவிட்டு மகன் வீட்டோடு போய்விட்டார். போகும்போது இவள் புழங்கிய கருவிப்பெட்டியை இவளுக்கே கொடுத்துவிட்டார். பெட்டியோடு வந்து கூடத்தில் உட்கார்ந்தவள், "அண்ணி, இனிமே நானே போய் வேலை கேக்கணுமாம்" என்றாள். யாரோ கிணற்றில் குதிக்கச் சொன்ன மாதிரி முகம்.

என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர். தங்கை மேல் உயிர். ஆனால் வீட்டு நிலைமையும் பார்க்க வேண்டும் அல்லவா?

"பள்ளிக்கூடம் தெறக்குற வரைக்கும் பாரு. சீருடை தைக்கிற நேரம், எல்லாக் கடையிலயும் மெஷின் ஓடும். அதுக்குள்ள நாலு கடை உன்னைக் கூப்பிடற மாதிரி ஆச்சுன்னா சந்தோஷம். இல்லன்னா நான் லோடு ஏத்துற அட்டைப்பெட்டிக் கம்பெனில சொல்லி வெச்சிருக்கேன். மடிச்சு ஒட்டுற வேலை. யார்கிட்டயும் பேச வேணாம்" என்றார்.

அவள் "உம்" என்றாள். அது அழுகைக்கான உம்.

அட்டைப்பெட்டி ஒட்டுவதில் கேவலம் ஒன்றும் இல்லை. ஆனால் அன்றைக்கு ராத்திரி கருவிப்பெட்டியைப் பரணில் வைக்க இடம் இருக்கிறதா என்று அவள் நிமிர்ந்து பார்த்ததை நான் பார்த்தேன்.

வாய் உள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். சரி, வாயைப் பழக்குவோம் என்று அண்ணனும் அண்ணியும் சேர்ந்து பாடம் நடத்தினோம். "உள்ள போனதும் சிரி. வியாபாரம் எப்படின்னு கேளு. பிள்ளைங்க நல்லா இருக்காங்களான்னு கேளு. அப்புறம் மெஷின் பேச்சை எடு." அவள் சமையலறைச் சுவரைப் பார்த்துப் பாடம் பண்ணினாள். சுவரிடம் நன்றாகவே பேசினாள்.

மறுநாள் தெருமுனைத் தையல்காரர் கடை வாசலில் போய் நின்றாள். தாண்டிப் போனாள். திரும்பி வந்தாள். மறுபடி தாண்டிப் போனாள். அவரே எட்டிப் பார்த்து, "என்னம்மா, வழி தவறிட்டியா?" என்று கேட்டிருக்கிறார். பாடம் பண்ணினதில் நடுவாக்கியம் மட்டும் வாயில் வந்ததாம்.

"பிள்ளைங்க நல்லா இருக்காங்களா?"

"எனக்குக் கல்யாணமே ஆகலையேம்மா! நீ எங்கயாவது பாத்தியா என் பிள்ளைங்கள?"

ஓடி வந்துவிட்டாள். கருவிப்பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு. நான்தான் போய் வாங்கிவந்தேன். அந்த மனுஷர் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்துக்கொண்டிருந்தார்.

நான் வீட்டில் உட்கார்ந்து சட்டைகளுக்குப் பட்டன் தைத்துக் கொடுக்கிறவள். சட்டைகள் எல்லாம் ஒரு சீருடைப் பட்டறையிலிருந்து வரும். அதை நடத்துகிற அம்மாவை எல்லாரும் மேஸ்திரியம்மா என்பார்கள். அந்த வட்டாரத்துத் தையல்கடைகளில் அவர் பேச்சுக்குத் தனி எடை. அவர் நல்லது என்றால் நல்லது, மட்டம் என்றால் மட்டம். ஒருநாள் பட்டன் மூட்டையைக் கொடுக்கப் போனபோது, "காலர் மெஷின் துணியை இடது பக்கமா இழுக்குது, யாராச்சும் இருந்தா சொல்லு" என்றார். ஆண்டவனே இந்த வார்த்தையை அவர் வாயில் வைத்தான் என்று நினைத்துக்கொண்டேன். "என் நாத்தனார் இருக்கா. கை சுத்தம்" என்றேன். பேச்சைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அவள் போனாள். ஆனால் எப்போது போனாள் தெரியுமா? எல்லாரும் சாப்பிட எழுந்து போகிற நேரம் பார்த்துப் போனாள். நாற்காலி காலியாக இருந்தது. துணியை அழுத்திப் பிடிக்கிற கால் லேசாகத் திரும்பியிருந்ததாம், அடியில் துணியைத் தள்ளுகிற பல்லும் சாய்ந்திருந்ததாம். இரண்டையும் நேராக்கி, ஒரு துண்டுத் துணியில் தைத்துப் பார்த்தாள். எறும்பு வரிசை மாதிரி தையல். அந்தத் துண்டை மெஷினின் காலுக்கு அடியிலேயே வைத்துவிட்டு, சாப்பிடப் போனவர்கள் கை கழுவுகிற சத்தம் கேட்டதும் பின்வாசல் வழியாக வந்துவிட்டாள். வீட்டுக்கு வந்தபோது சந்தோஷத்து உம்.

சாயங்காலம் நான் பட்டறைக்குப் போனால் அங்கே புயல் அடித்துக்கொண்டிருந்தது. அந்த மெஷினில் உட்காருகிறவரைக் காலர்க்கார அக்கா என்பார்கள். வருஷக்கணக்காகக் காலர் மட்டும்தான் தைக்கிறார். மடி நிறையக் கோணல் காலர்கள்.

"உங்க நாத்தனார் மெஷினைச் சரி பண்ணல, என் மானத்தைக் கெடுத்துட்டா! பாருங்க, ஒண்ணாவது நேரா இருக்கா? நாய் காது மாதிரி தொங்குது!"

மேஸ்திரியம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "வருத்தப்படாத. ஆனா அவளை இனிமே அனுப்பாத. இந்தச் சரக்கு முழுக்கப் பிரிச்சுத் தைக்கணும். கேக்குறவங்களுக்கு நான் உள்ளதைத்தான் சொல்லுவேன்."

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? இனி எந்தக் கடையும் கூப்பிடாது என்று தெரிந்துவிட்டது. வழியெல்லாம் ஆண்டவனோடு சண்டை போட்டுக்கொண்டே வந்தேன். "வாயைக் கொடுத்தியே சாமி, அதைத் தெறக்கிற சாவியை எங்க வெச்ச?"

வீட்டில் சொன்னேன். அவள் சுவரைப் பார்த்தபடி, "சரியாத்தான் இருந்துச்சு அண்ணி" என்றாள்.

"பின்ன ஏன் அந்தம்மா தெச்சா கோணுது?"

"தெரியல."

"அந்தம்மா எப்படித் தைக்கிறாங்கன்னு பாத்தியா?"

"அவங்க சாப்பிடப் போயிருந்தாங்களே."

"சாப்பிட்டு வர்ற வரைக்கும் இருந்திருக்கலாம்ல?"

என் வீட்டுக்காரர், "விடும்மா, திங்கக்கிழமை கம்பெனிக்குப் போலாம்" என்றார். அவள் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்தாள். திடீரென்று தன் வலது கையை மேஜை ஓரத்தில் வைத்து, துணியைத் தள்ளுகிற மாதிரி நகர்த்தினாள். இழுத்தாள். மறுபடி இழுத்தாள்.

"அண்ணி, அந்த மெஷின் பலகையில வலது ஓரம் மட்டும் வழவழன்னு தேஞ்சிருந்துச்சு. கை உரசி உரசி. மெஷின் இடது பக்கம் இழுக்க, அவங்க வலது பக்கம் இழுத்து இழுத்துப் பிடிச்சிருக்காங்க. இப்ப மெஷின் நேரா போகுது. கை மட்டும் பழையபடி இழுக்குது." அவள் அவ்வளவு நீளமாகப் பேசி நாங்கள் கேட்டதே இல்லை. "ஆனா பாக்காம சொல்ல முடியாது. பாக்கணும்."

"பாக்கணும்னா?"

"அவங்ககிட்டப் போய்..." என்று தொடங்கியவள் கருவிப்பெட்டியை இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். "கேக்கணும்."

காலையில் நானும் கூடப் போனேன். பட்டறை வாசலில் என் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வயது முப்பதைத் தாண்டியவள், பள்ளிக்கூடத்துக்கு முதல்நாள் போகிற பிள்ளை மாதிரி. நான் முந்தானையை மெதுவாக விடுவித்துக்கொண்டேன். உள்ளே போனோம், எல்லா மெஷினும் நின்றது.

"வாங்க வாங்க, பேசாத டாக்டரம்மா!" என்றார் காலர்க்கார அக்கா. "நேத்து நோயாளி பொழச்சுக்கிச்சு, கூட இருந்த நான்தான் செத்தேன்."

எல்லாரும் சிரித்தார்கள். இவள் காது சிவந்தது. சிரிக்கவும் இல்லை, வியாபாரம் எப்படி என்று கேட்கவும் இல்லை. பாடம் பண்ணினது ஒன்றும் நினைவில் இல்லை போல. நேராக அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

"அக்கா, ஒரு காலர் தைங்களேன். நான் உங்க கையைப் பாக்கணும்."

"எதுக்கு? எனக்கு எப்ப நல்ல காலம் பொறக்கும்னு சொல்லப் போறியா?"

"தைங்கக்கா."

அந்தக் குரலில் என்ன இருந்ததோ, அக்கா தைத்தார். இவள் மெஷினைப் பார்க்கவே இல்லை. மணிக்கட்டையும் முழங்கையையும் தோளையும் பார்த்தாள். அப்புறம் தலை நிமிர்ந்து, அவர் முகத்தையே பார்த்துக் கேட்டாள்.

"ராத்திரியில கை வலிக்குமே? இந்த மணிக்கட்டுல?"

அக்காவின் கால் மிதியிலேயே நின்றுவிட்டது. "உனக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. இழுக்கறீங்க. இந்த மெஷினோட கோணலையெல்லாம் உங்க கைதான் இவ்வளவு நாளும் நிமித்துச்சு. நான் உங்ககிட்டக் கேக்காமயே மெஷினை மட்டும் நேராக்கிட்டேன். பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு, கெட்ட பேர் உங்க காலருக்கு வந்துருச்சு. தப்பு என் மேலதான்."

அக்கா தன் மணிக்கட்டை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டார். "வீட்ல சொன்னா, வயசாகுதுன்னு சொல்றாங்கம்மா. தைலம் தடவி தடவி மருமக மூக்கைப் பொத்திக்கிறா" என்றார். கண் கலங்கிவிட்டது.

"பழையபடி கோணலாவே வெச்சுத் தரட்டுமா? இல்ல, இன்னைக்குப் பாதி, அப்புறம் உங்க கை பழகப் பழக கொஞ்சம் கொஞ்சமா நேராக்கட்டுமா? உங்க கைக்கு எது வசதியோ அப்படி."

அக்கா மேஸ்திரியம்மாவைப் பார்த்தார். மேஸ்திரியம்மா, "சரக்கு நிக்காம போகணும். அதுதான் எனக்கு வேணும். கையோட சொந்தக்காரி நீ, நீயே சொல்லு" என்றார்.

"கொஞ்சம் கொஞ்சமா" என்றார் அக்கா.

மெஷினில் துணியை அழுத்துகிற காலைச் சின்னவள் பாதி வழி பழையபடி திருப்பி வைத்தாள். அக்கா கையைக் கொஞ்சம் தளர்த்தித் தைத்தார், கோணவில்லை. அதோடு கிளம்பி வந்துவிடுவாள் என்று நினைத்தேன். அவளோ கோணல் காலர் குவியலைத் தன் மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு தையல் பிரிக்க உட்கார்ந்துவிட்டாள். நானும் உட்கார்ந்தேன். பிரிக்கும்போது கை வேலையில் இருக்கும், கண் கீழே இருக்கும், யாரையும் பார்த்தே ஆக வேண்டிய கட்டாயம் இல்லை. அப்படிப்பட்ட இடத்தில்தான் அவளுக்குப் பேச்சு வருகிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அக்கா மருமகளைப் பற்றிச் சொன்னார். இவள் பழைய முதலாளி கடையைப் பற்றிச் சொன்னாள். நடுநடுவே "உம்" போட்டாள். அக்காவுக்கு அந்த உம் பிடித்துப்போயிற்று. "கேக்குறதுக்கு ஒரு ஆள் இருக்குன்னு தெரியுதுல்ல" என்றார்.

திங்கட்கிழமை வந்தபோது என் வீட்டுக்காரர் கம்பெனிப் பேச்சை எடுக்கவில்லை. அதற்கப்புறம் தினமும் சாயங்காலம் பட்டறைக்குப் போவாள். முதலில் அக்காவின் கையைப் பார்ப்பாள், பிறகு திருகை ஒரு பொட்டு திருப்புவாள். பக்கத்தில் சட்டைக் கை தைக்கிற பெண், "அக்கா கையை மட்டும்தான் பாப்பியா? என் முதுகு என்ன பாவம் பண்ணுச்சு?" என்று கேட்டாள். பார்த்தாள். முதுகு வலிக்குக் காரணம் மெஷின் இல்லை, நாற்காலி. அதன் காலுக்கு ஒரு கட்டை வைத்தாள். மேஸ்திரியம்மா உள்ளதைத்தான் சொல்கிறவர். உள்ளதையே நாலு கடையில் சொல்லிவிட்டார்.

பள்ளிக்கூடம் திறக்கப் போகிற சமயத்தில் அந்தத் தெருமுனைத் தையல்காரரிடமிருந்து ஆள் வந்தது. இவள் பெட்டியை எடுத்தாள், வைத்தாள், எடுத்தாள். என் முந்தானையைத் தேடினாள். "எனக்கு அடுப்புல வேலை இருக்கு" என்று சொல்லிவிட்டு நான் மனதுக்குள் வேண்டிக்கொண்டேன். தனியாகத்தான் போனாள்.

அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது யாரும் கேட்காமலேயே ஆரம்பித்தாள்.

"அண்ணி, நான் வாசல்ல நிக்கறேன். அவர் என்னைப் பாத்ததும், 'வாம்மா வா, பிள்ளைங்க எல்லாம் நல்லா இருக்காங்க'ங்கறார். எனக்கு ஒண்ணும் புரியல. உள்ள கூட்டிட்டுப் போய் ரெண்டு மெஷினைக் காட்டறார். 'இவன் மூத்தவன், தங்கமானவன். இவ சின்னவ, இவளுக்குத்தான் ஒரு வாரமா இருமல்'ங்கறார். எனக்குச் சிரிப்பு தாங்கல. அவர் சிரிக்க நான் சிரிக்க, துணி வாங்க வந்தவங்க, எங்க ரெண்டு பேருக்கும் பைத்தியமான்னு பாக்கறாங்க. அப்புறம் நான், 'சின்னவளை அப்புறம் பாக்கலாம், அப்பாவை மொதல்ல பாக்கறேன், நீங்க உக்காந்து தைங்க'ன்னேன். மனுஷர் ஒத்தைக் காலாலயே மிதிக்கறார் அண்ணி! இருமாம என்ன பண்ணும்?"

என் வீட்டுக்காரர் சோற்றில் வைத்த கையை எடுக்கவே இல்லை. தங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்தது. உறைப்பு என்று சொல்லிச் சமாளித்தேன். அவள் பேசி முடித்து, தண்ணீர் குடித்து, தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"அந்த அட்டைப்பெட்டிக் கம்பெனிக்காரங்க கேட்டாங்க" என்றார் அவர். "வேற ஆள் பாத்துக்கச் சொல்லிடறேன். சரிதானே?"

"உம்" என்றாள் சின்னவள்.

அந்த உம் எது என்று எனக்குத் தெரிந்தது.