நண்பனுக்கு நான் எடுத்துக்கொடுத்த வானியல்

எங்கள் வகுப்பில் அரியர் அதிகம் வைத்திருப்பவன் நான்தான். ஆனாலும் எல்லோருடைய பாஸ்வேர்டும் என்னிடம்தான் இருக்கும். லேப்டாப் வைத்திருப்பவனும் நான் ஒருவன்தானே.

பி.காமுக்கு வெளியே ஆளுக்கொரு பாடத்தை ஆன்லைனில் எடுக்க வேண்டும், விருப்பப்பட்ட நேரத்தில் படித்துக்கொள்ளலாம் என்று கல்லூரியில் அறிவித்தார்கள்.

"உள்ள பாடமே ஏறல. இதுல வெளிப் பாடம் வேறயா? ஏதாவது ஒண்ணப் போட்டு விடுலே" என்று சொல்லிவிட்டு எல்லோரும் கிளம்பினார்கள். என் நண்பன் மட்டும் நின்றான். கல்லூரி விட்டதும் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலைக்கு மாலை ஷிப்ட் போகிறவன்.

"மாப்ள, எனக்கு நூல் தரம் பாக்குற கோர்ஸ் போடு. அத முடிச்சா லேபுக்கு மாத்துதேன்னு சூப்பர்வைசர் சொல்லிருக்காரு. பஞ்சுத் தூசி நெஞ்ச அடைக்கி."

"போட்டுருதேன். நீ போ."

அவன் போனதும் எனக்குக் குறும்பு தலைக்கேறியது. வகுப்பில் தூங்கி வழிகிறவனுக்கு வானியல் என்று பதிந்தேன். மறுநாள் அவன் முழிப்பதைப் பார்த்துச் சிரித்துவிட்டு மாற்றிக்கொள்ளலாம் என்பது என் கணக்கு.

காலையில் திறந்து பார்த்தால் பதிவுக்கான கெடு முடிந்திருந்தது. இனி வேறு பாடம் பதிய ஆறு மாதம் கழித்துத்தான். கல்லூரி இருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும், ஆன்லைன் பாடங்களுக்குப் பொறுப்பான சாரிடம் ஓடினேன்.

"மூடுனா மூடுனதுதான். அவன் படிப்புல உனக்கென்னலே வெளயாட்டு?"

மூன்று நாள் பஸ்ஸில் நண்பன் பக்கத்தில் நான் உட்காரவில்லை. பின் சீட்டிலிருந்து அவன் இருமல் கேட்கும்போதெல்லாம் போனில் பாட்டுச் சத்தத்தைக் கூட்டிக்கொண்டேன். நான்காம் நாள் பக்கத்தில் போய் உட்கார்ந்து சொல்லிவிட்டேன்.

"சும்மா இருலே, காலங்காத்தால" என்று சிரித்தான். நான் சிரிக்கவில்லை. அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். நாலு அடி அடித்திருந்தால்கூட எனக்குப் பயம் கொஞ்சம் குறைந்திருக்கும்.

அன்று மாலை நானும் அவனோடு மில்லுக்குப் போனேன். கேட்டருகே சூப்பர்வைசர் நின்றிருந்தார்.

"அண்ணாச்சி, கோர்ஸ மாத்திப் போட்ட தப்பு என்னோடது. ஆறு மாசம் அவன் எடத்த வச்சிருங்க."

"எடத்த நான் வச்சிருப்பேன்லே. அதுவர அவன் நெஞ்சு தாங்கணும்லா?"

நண்பன் மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

இப்போது பஸ்ஸில் அவன் பக்கத்தில்தான் உட்காருகிறேன். அவன் இருமத் தொடங்கினால், நிற்கும்வரை நானும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். இன்னும் நான்கு மாதம் இருக்கிறது.