மலை எனக்கு, அணை அண்ணனுக்கு

அப்பாவின் முதலாண்டு நினைவுத் திருப்பலிக்கு வந்திருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். இதை எழுத உட்கார்ந்து நான்கு முறை எழுந்துவிட்டேன். அப்பாவுக்கும் ஓரிடத்தில் உட்கார வராது. அந்தப் பரபரப்பை எனக்கும் அண்ணனுக்கும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

அப்பா எலவனாசூர்கோட்டையில் கூலிக் குடும்பத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே தகப்பனை இழந்து, கரும்பு வெட்டி, பிறகு கச்சிராயபாளையம் வந்து கோமுகி அணையில் மதகு திறந்து மூடும் வேலையில் சேர்ந்தார். யாரையும் கடிந்து பேசாதவர் என்று எழுதினால் அம்மாவே சிரிப்பார். கடிவார், அடுத்த நிமிடம் டீ போட்டுக் கையில் கொடுப்பார்.

டிசம்பர் பிறந்தால் வீட்டில் கிறிஸ்துமஸ் குடில் வேலை தொடங்கிவிடும். எங்கள் பெத்லகேம் கல்வராயன் மலையடிவாரத்தில்தான் இருக்கும். பழுப்புக் காகிதத்தைக் கசக்கி மலை எழுப்புவது நான். களிமண்ணில் அணை கட்டித் தண்ணீர் நிறுத்துவது அண்ணன். அம்மா துணியில் கழுதை தைப்பார். தட்டில் கேழ்வரகு முளைக்கவிட்டு வயல் ஆக்குவது அப்பா. இதற்கு அவர் வைத்த சட்டம் ஒன்று உண்டு.

"அவங்கவங்க செஞ்சத அவங்கவங்களே திருத்தணும். மத்தவங்க கைய வைக்கக் கூடாது. கோணலா இருந்தா கோணலாவே இருக்கட்டும்."

அதனால் அம்மாவின் கழுதை எத்தனையோ வருடம் ஒரு பக்கமாகவே சாய்ந்து நின்றது.

மூன்று கிறிஸ்துமஸுக்கு முன் அண்ணன் அணைக்குள் சின்ன மோட்டார் வைத்தார். திருநாளுக்கு முதல் நாள் காலை கரை உடைந்து, தண்ணீர் தரையில் ஓடி, என் மலை அடியிலிருந்து ஊறிச் சரிந்தது. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும்.

"உன் மோட்டார் பவுச எவன் கேட்டான்? என் மலயே போச்சு!"

"காயிதத்துக்கு இந்தக் கத்து கத்துறியே. இனிமே இந்த வூட்டுக் குடில்ல கைய வைக்க மாட்டேன், போ!"

அண்ணன் கள்ளக்குறிச்சியில் குடியிருப்பவர். அடுத்த கிறிஸ்துமஸுக்கு வரவில்லை. அணை இருந்த இடம் காலியாகவே கிடந்தது. நான் கட்டுகிறேன் என்றேன். அப்பா விடவில்லை. "அது அவன் எடம். வருவான்" என்றார். நான் போன் செய்திருக்கலாம். செய்யவில்லை. வீம்பு.

கடைசி நாட்களில் அப்பா கள்ளக்குறிச்சி மருத்துவமனையில் இருந்தார். பகலில் அண்ணன், மாலையில் நான். வாசலில் ஒருவரையொருவர் கடந்து போவோம், பேச மாட்டோம். அப்பா என்னிடம் தினமும் கேட்டார்.

"இன்னாம்மா, அணை வந்துச்சா?"

"வந்துடும்பா."

அணை வராமலே அவர் போய்விட்டார். அந்த வருடம் குடிலே கட்டவில்லை. இந்த ஒரு வருடமும் அந்தக் கேள்வி என்னை ஓரிடத்தில் நிற்கவிடவில்லை. சமைக்கும்போதும் கேட்கும், பஸ்ஸில் போகும்போதும் கேட்கும்.

போன வாரம், அண்ணன் வராத வருடம் நான் புதிதாகச் செய்திருந்த மலையைப் பரணிலிருந்து இறக்கினேன். அடிப்பக்கம் கனமாக இருந்தது. கவிழ்த்துப் பார்த்தேன். உர மூட்டையின் பிளாஸ்டிக்கை வெட்டி, மலையின் அடி விளிம்பு முழுக்க உள்ளே மடித்து, கோணி ஊசியால் தைத்திருந்தது. நீள நீளமான தையல். அப்பாவின் கை. என் மலையில் அவர் கை வைத்திருக்கிறார்! தான் போட்ட சட்டத்தைத் தானே மீறியிருக்கிறார். மலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். பிறகு போனை எடுத்தேன்.

"அண்ணா, அப்பா மலைக்கு அடியில பிளாஸ்டிக் வச்சுத் தச்சிருக்காரு. இனிமே தண்ணி வந்தாலும் நனையாது. வாண்ணா."

 அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"களிமண்ணு ஆத்தோரமா இருக்குதா? இல்ல, நான் எடுத்தாரணுமா?"

மறுநாள் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார்.

அப்பாவைத் தூக்கிச் சுமந்த தெருப் பிள்ளைகளுக்கும், எங்களுக்கு உலை வைத்துச் சோறு கொடுத்த பக்கத்து வீட்டாருக்கும், அடக்கத்துக்கு மலையிலிருந்து இறங்கி வந்த சொந்தங்களுக்கும் எங்கள் நன்றி. பூசை முடிந்ததும் வீட்டுக்கு வந்து குடிலைப் பாருங்கள். அணையில் தண்ணீர் நிற்கிறது. ஓரத்தில் கொஞ்சம் கசிகிறது. தயவுசெய்து யாரும் கை வைக்காதீர்கள், அண்ணன் பார்த்துக்கொள்வார்.